வெயில் காலத்துல வெளியில ஒரு கெட்டுகெதர்: எதுக்கு காசு போடலாம், எதை விட்டுடலாம்

வெயில் காலம் வந்தாலே நம்ம ஆளுங்கள எல்லாம் ஒரு நாள் கூப்பிட்டு வெளியில உக்காந்து சாப்பிட்டு பேசணும்னு ஒரு ஆசை வரும், அந்த ஆசை வந்த அடுத்த நிமிஷமே போனை எடுத்து போட்டோ பார்க்க ஆரம்பிச்சுடுவோம், வெள்ளைத் துணி போட்ட நீள மேஜை, தலைக்கு மேல தொங்கற குட்டி குட்டி பல்பு, கண்ணாடி ஜாடியில எலுமிச்சை மிதக்கற ஜூஸ். பார்த்துட்டு ஒரு லிஸ்ட் போடுவோம். கூட்டிப் பார்த்தா சின்னதா ஒரு கல்யாணமே பண்ணிடலாம் போல இருக்கும், லிஸ்ட்டை மடிச்சு வெச்சுட்டு பேசாம ஹோட்டலுக்கே போயிடலாம்னு முடிவு பண்ணுவோம். நான் ரெண்டு வருஷம் இப்படித்தான் முடிவு பண்ணேன்.

அப்புறம் ஒரு வழியா துணிஞ்சு மூணு தடவை நடத்தியாச்சு, ஒவ்வொரு தடவையும் 20, 25 பேர். மொதல் தடவை வீட்டுக்குப் பின்னாடி மதியம், ரெண்டாவது பூங்காவுல காலையில, மூணாவது மொட்டை மாடியில சாயங்காலம். இதுல மொதல் தடவைதான் காசை தண்ணியா விட்டேன், அதுதான் பார்க்கவும் சகிக்கல. மூணாவதுக்கு அதுல பாதிகூட ஆகல, வந்தவங்க இன்னும் அதைப் பத்தி பேசறாங்க. யோசிச்சுப் பார்த்தா வித்தியாசம் வாங்கின சாமான்ல இல்ல, கூப்பிட்ட நேரத்துல இருக்கு. அதனால எல்லாரும் இடத்துல இருந்து ஆரம்பிப்பாங்க, நான் கடிகாரத்துல இருந்து ஆரம்பிக்கறேன்.

எத்தனை மணிக்கு கூப்பிடறது

மதியம் 12 மணிக்கு கூப்பிட்டேன். காரணம் ரொம்ப சிம்பிள், லைட் செலவு மிச்சம்னு நினைச்சேன். ஜம்முனு ஒரு நீள மேஜை போட்டு, துணி விரிச்சு, காலி பாட்டில்ல ஒல்லியா உயரமா இருக்கற மெழுகுவத்தி சொருகி வரிசையா வெச்சிருந்தேன், ஏத்தறதுக்கு இல்ல, சும்மா அழகுக்கு. பன்னிரண்டரைக்குப் பார்க்கறேன், ஒவ்வொரு மெழுகுவத்தியும் மெதுவா தலையைக் குனிஞ்சு, ஏதோ தப்பு பண்ணிட்டு நிக்கற பசங்க மாதிரி அப்படியே துணி மேல வளைஞ்சு படுத்துடுச்சு. அதைவிட கொடுமை என்னன்னா வந்தவங்க ஒருத்தர்கூட அந்த மேஜைகிட்ட வரல. காம்பவுண்ட் சுவர் ஓரமா ஒரு சின்ன நிழல் இருந்துச்சு, 22 பேரும் நாற்காலியை இழுத்துட்டுப் போய் அதுல ஒட்டிக்கிட்டாங்க, நிழல் நகர நகர அவங்களும் நாற்காலியோட நகர்ந்தாங்க. நான் காசு போட்டு அலங்காரம் பண்ண இடத்துல ஈ மட்டும்தான் இருந்துச்சு.

மதியம்னா நிழலுக்கு காசு, ஐஸுக்கு காசு, சாப்பாடு கெடாம பார்த்துக்க காசு, இப்படி வெயிலோட சண்டை போடறதுக்கே பட்ஜெட்ல பாதி போயிடும். பெரிய மரம் ஒண்ணு இருந்தா மட்டும் மதியத்தை யோசிங்க, இல்லன்னா விட்டுடுங்க.

காலை 8 மணியில இருந்து 11 மணி வரைக்கும் வெச்சா இருக்கறதுலயே செலவு கம்மி அதுதான், இதை யாரும் பெருசா சொல்ல மாட்டேங்கறாங்க. லைட் வேணாம், பூ வாடாது, ஐஸ் கொஞ்சம் போதும், காலைச் சாப்பாடுன்றதால அயிட்டமும் கம்மி. குழந்தைங்க, வயசானவங்க நிறைய இருக்கற கூட்டத்துக்கு நான் கண்ண மூடிட்டு காலையத்தான் சொல்வேன். கஷ்டம் என்னன்னா நீங்க நாலு மணிக்கு எழுந்திரிக்கணும், 8 மணின்னு சொன்னா பாதிப்பேர் ஒன்பதரைக்குத்தான் வருவாங்க, அவங்க வந்து உக்காரவும் வெயில் ஏறவும் சரியா இருக்கும்.

சாயங்காலம்தான் என் ஓட்டு. சூரியன் மறையறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி எல்லாரும் வந்து சேர்ற மாதிரி நேரம் சொல்லுங்க. அந்த நேரத்துல வெளிச்சம் சாய்வா வரும், மஞ்சளா இருக்கும், எல்லார் முகமும் நல்லா இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலிகூட போட்டோவுல அழகா விழும். இருட்டின பிறகு இன்னும் வசதி. சுவத்துல பெயின்ட் உரிஞ்சது, மூலையில கெடக்கற பழைய டிரம், துணி காயப்போடற கம்பி, எதுவும் தெரியாது, நீங்க எங்க வெளிச்சம் போடறீங்களோ அது மட்டும்தான் தெரியும். மதியம் கூப்பிட்டா இதையெல்லாம் மறைக்கறதுக்கு துணி வாங்கணும், சாயங்காலம்னா இருட்டே மறைச்சுடும், அதுவும் ஓசியில. ஆனா கொசு வரும், லைட் வேணும், தரை சூடா இருக்கும், அதையெல்லாம் கீழ சொல்றேன்.

வீடா, பூங்காவா, வாடகை இடமா

பூங்கான்னா இடம் ஓசின்னு நினைச்சுதான் போனேன். மரத்தடி நிழல் நிஜமாவே துணி நிழலைவிட குளிர்ச்சி, இலை தண்ணியை ஆவியா விடறதால மரமும் தன் பங்குக்கு கொஞ்சம் சூட்டை எடுத்துக்கும். அதுல குறையே இல்ல. ஆனா உப்புல இருந்து குப்பைப் பை வரைக்கும் நீங்கதான் தூக்கிட்டுப் போகணும், நான் வண்டியில மூணு நடை அடிச்சேன், அந்தப் பெட்ரோலையும் இடுப்பு வலியையும் கணக்குல சேர்த்தா ஓசி இல்ல. கரண்ட் கிடையாது. அடுப்பு மூட்ட விடுவாங்களான்னு முன்னாடியே கேக்கணும், நிறைய பூங்காவுல நெருப்புக்கு அனுமதி கிடையாது. கூட்டமா வந்தா அனுமதி வாங்கணும்னு சில இடத்துல வெச்சிருப்பாங்க. கழிவறை எவ்வளவு தூரம், திறந்து இருக்குமான்னு ஒரு நாள் முன்னாடி நேர்ல போய்ப் பார்த்துடுங்க, நான் பார்க்கல, பெரியம்மா ஒருத்தங்க அன்னிக்கு என்கிட்ட பேசின பேச்சை இங்க எழுத முடியாது.

வாடகைக்கு எடுக்கற புல்வெளி, தோட்டம் மாதிரி இடங்களைப் பார்த்தவுடனே அம்மாடி இவ்வளவான்னு தோணும். வாடகையை மட்டும் தனியா பார்த்தா அப்படித்தான் தெரியும். மேஜை, நாற்காலி, லைட், கழிவறை, க்ளீனிங், கார் நிறுத்தற இடம் எல்லாம் அதுலயே அடக்கம்னா, அதையெல்லாம் தனித்தனியா கொண்டு வர்ற செலவோட வெச்சு பாருங்க. 40 பேருக்கு மேல போனா அதுதான் மிச்சமா இருக்க வாய்ப்பு அதிகம், 20 பேருக்கு நிச்சயமா இல்ல. பேசும்போது நாலு விஷயம் கேட்டுக்கோங்க: அலங்காரம் பண்ற நேரமும் வாடகை நேரத்துல சேருமா, வெளிச் சாப்பாடு கொண்டு வரலாமா, க்ளீனிங் தனி காசா, பாட்டு எத்தனை மணிக்கு நிறுத்தணும். வெளிச் சாப்பாடு கூடாதுன்னா அங்கயே பேச்சை முடிச்சுட்டு கிளம்பிடுங்க, மிச்சம் பண்ணதெல்லாம் சாப்பாட்டு பில்லுல போயிடும்.

வீடுன்னா தோட்டமோ மாடியோ, கழிவறை இருக்கு, பிரிட்ஜ் இருக்கு, மறந்துபோன கரண்டியை ஓடிப்போய் எடுத்துட்டு வரலாம், அதுதான் பெரிய நிம்மதி. மாடியில ஒரு பிரச்சனை, சிமென்ட் தரை பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வெச்சுட்டு சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்கும், ஆறு மணிக்கு காத்து நல்லா அடிக்கும் ஆனா கால்ல அனல் வரும். அஞ்சு மணி வாக்குல ரெண்டு மூணு தடவை தண்ணி ஊத்தி விட்டேன், ஆவியாகும்போது சூட்டை எடுத்துட்டுப் போயிடும். ஆளுங்க வர்றதுக்கு சரியா முன்னாடி ஊத்தாதீங்க, புழுக்கமா இருக்கும், வழுக்கவும் செய்யும். குழந்தைங்க வர்றாங்கன்னா கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, அதுகிட்ட ஏறி நிக்கற மாதிரி நாற்காலியோ பெஞ்சோ போடாதீங்க.

நிழல்

சாயங்காலம்னா இதை தாண்டிப் போயிடலாம். காலையோ மதியமோன்னா, பெரிய குடை ஒண்ணு நாலு பேருக்குத்தான் பத்தும், காத்து அடிச்சா பறக்கும், காசுக்கு ஏத்த வேலை செய்யாது. தார்ப்பாய் நிழல் தரும் ஆனா சூடு மேல போக வழியில்லாம அடியிலயே நிக்கும், உள்ள உக்காந்தா அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி. செடிக்கு கட்டற பச்சை நிழல் வலை இருக்கு பாருங்க, அது காத்தையும் சூட்டையும் மேல விட்டுடும், விலையும் கம்மி, பின்னாடி தோட்டத்துக்கும் ஆகும். 50 சதவீதம், 75 சதவீதம்னு எவ்வளவு வெயிலை மறைக்கும்னு போட்டிருக்கும், ஆளுங்க உக்கார்றதுக்கு 75ஓ அதுக்கு மேலயோ பாருங்க. பச்சை வலைக்குக் கீழ நின்னா எல்லாரும் போட்டோவுல பச்சையா தெரிவாங்க, அதுக்கு வெள்ளையோ மண் கலரோ கிடைச்சா எடுங்க.

நாற்காலி மேஜை: வாங்கறதா, வாடகையா, கடனா

வருஷத்துக்கு ஒரு தடவைக்கு யாரும் நாற்காலி வாங்காதீங்க, அதை எங்க வைப்பீங்க. வாடகைன்னா வண்டிச் சத்தமும் டெபாசிட்டும் சேர்த்துக் கேளுங்க, நாற்காலி வாடகையைவிட வண்டி வாடகை ஜாஸ்தியா வந்து நிக்கும். நான் ரெண்டையும் கலந்தேன். எதிர் வீட்டுல ஆறு, நண்பர் வீட்டுல இருந்து ரெண்டு பெஞ்சு, என்கிட்ட இருந்த நாலு, மிச்சத்துக்கு தரையில மெத்தையும் தலையணையும். ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல கண்றாவியா இருந்துச்சு, பழைய வெள்ளை பெட்ஷீட்டை பட்டையா கிழிச்சு எல்லா நாற்காலி முதுகுலயும் ஒரு முடிச்சு போட்டேன், அவ்வளவுதான், வேணும்னே அப்படி செட் பண்ண மாதிரி ஆயிடுச்சு. ஸ்டைலுன்னு சொல்றதெல்லாம் பெரும்பாலும் ஒரே விஷயத்தை எல்லா இடத்துலயும் திரும்பத் திரும்ப காட்டறதுதான்.

தரையில உக்கார்றது பார்க்க நல்லா இருக்கும், முட்டி வலி இருக்கறவங்களுக்கு தண்டனை. அவங்களுக்கு கை வெச்ச நாற்காலி தனியா ஒதுக்கிடுங்க, அதுவும் நல்ல இடத்துல, மூலையில தள்ளாதீங்க. நின்னுட்டே சாப்பிடற மாதிரி கூட்டம்னா பத்து பேருக்கு ஏழு இருக்கை போதும், தட்டு வெச்சு உக்காந்து சாப்பிடறதுன்னா ஆளுக்கு ஒண்ணு வேணும், மேஜையில ஒரு ஆளுக்கு 60 செ.மீ. இடம் வேணும். மேஜை இல்லையா, பழைய கதவு ஒண்ணை ரெண்டு ஸ்டாண்டு மேல படுக்க வெச்சு துணி போட்டா கீழ என்ன இருக்குன்னு கடவுளுக்கே தெரியாது. கைப்பிடியை மட்டும் முன்னாடியே கழட்டிடுங்க.

லைட்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேணாம்

நான் காசு போடச் சொல்ற ரெண்டு இடத்துல இது ஒண்ணு. ஃபோகஸ் லைட் ஒண்ணு போட்டா வெளிச்சம் பத்தும், ஆனா எல்லார் முகத்துலயும் நிழல் விழுந்து ஏதோ ரோட்டுல குழி தோண்டற வேலை நடக்கற இடம் மாதிரி இருக்கும். மெழுகுவத்தி அழகு, காத்துல நிக்காது, பாட்டில் உள்ள கொஞ்சம் மணல் போட்டு குட்டையான மெழுகுவத்தி வெச்சா ஓரளவு நிக்கும், குழந்தைங்க ஓடற இடத்துல அதுவும் வேணாம். சோலார் லைட் ஒயர் தொல்லை இல்லாதது, ஆனா பகல் முழுக்க நேர் வெயில்ல கெடந்தாதான் ராத்திரி எரியும், விலை கம்மியான சிலது ரெண்டு மணி நேரத்துலயே மங்கிடும், மொத நாளே எரிய விட்டு எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு பாருங்க.

சீரியல் பல்புதான் கடைசியில நிக்குது. ஒரு தடவை வாங்கினா பல வருஷம் வரும், எல்இடின்றதால கரண்ட் பில்லும் தெரியாது. வாங்கும்போது டப்பாவுல 2700 கெல்வின் இல்லன்னா வார்ம் ஒயிட்னு போட்டிருக்கான்னு பாருங்க. 6500ன்னு போட்ட வெள்ளை பல்பு வாங்கிட்டு வந்து மாட்டினா ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி ஆயிடும், நான் மாட்டிப் பார்த்துட்டு திருப்பிக் கொடுத்தவன். மஞ்சள் வெளிச்சத்துக்கு பூச்சியும் கம்மியா வரும், அது ஒரு போனஸ். ரொம்ப உயரமா கட்டாதீங்க, ஆளு கை தூக்கினா தொட முடியாத உயரம், அதுக்கு மேல ஒரு முழம், போதும். கீழ வரும்போதுதான் ஒரு கூரைக்குள்ள இருக்கற மாதிரி ஃபீல் வரும். நடுவுல கொஞ்சம் தொய்வா விடுங்க, விறைப்பா இழுத்துக் கட்டினா காத்துல அறுந்துடும்.

பணம் மிச்சம் பண்ணக்கூடாத ஒண்ணு இருக்குன்னா அது ஒயர். வெளியில போடறது மழை, தண்ணிச் சிதறல் தாங்கற மாதிரி இருக்கணும், ஐபி44ன்னோ அதுக்கு மேலயோ போட்டிருக்கும். எக்ஸ்டென்ஷன் சுருள் இருக்கே, அதை முழுசா பிரிச்சு விடுங்க, சுத்தி வெச்சபடியே நிறைய லோடு கொடுத்தா உள்ள சூடாகி உருகும். இணைக்கற இடத்தை தரையில போடாம மேல எங்கயாச்சும் மாட்டுங்க. ஷாக் அடிச்சா தானா ட்ரிப் ஆகற சுவிட்ச் அந்த லைன்ல இருக்கான்னு தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சாப்பாடு யார் பண்றது

கேட்டரிங் சொன்னா நிம்மதி, ஆனா நிறைய பேர் குறைஞ்சது இத்தனை தட்டுன்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க, 20 பேருக்கு 50 தட்டு காசு கொடுக்கற மாதிரி ஆயிடும். நாமளே சமைச்சா செலவு கம்மி, ஆனா வந்தவங்க எல்லாம் வெளியில சிரிச்சுட்டு இருக்கும்போது நீங்க மட்டும் சமையக்கட்டுல வேர்த்து வழிஞ்சுட்டு இருப்பீங்க, அந்த சிரிப்பு சத்தம் கேக்கும்போது வர்ற எரிச்சல் இருக்கே, அதுக்கு விலை கிடையாது. ஆளுக்கொரு அயிட்டம் கொண்டு வர்றது நல்ல ஐடியாதான், ஆனா பொதுவா "ஏதாவது கொண்டு வாங்க"ன்னு விட்டா ஏழு பேர் இனிப்போட வந்து நிப்பாங்க. அனுபவத்துல சொல்றேன்.

நான் கடைசியா பிடிச்சது நடுவழி. பிரதானமா ஒரே ஒரு அயிட்டம் நான் பண்ணிடுவேன், முன்னாடியே பண்ணி வெச்சு அப்படியே எடுத்து வைக்கற மாதிரி. பக்கத்துக்கு வேணுங்கறதை பேர் சொல்லி ஒதுக்கிடுவேன், நீங்க சாலட், நீங்க பழம், நீங்க இனிப்புன்னு. சமைக்கத் தெரியாதவங்களுக்கு ஐஸும் தண்ணி கேனும், அவங்களுக்கும் ஒரு பொறுப்பு கிடைச்ச சந்தோஷம். அயிட்டம் எண்ணிக்கை கூடினா ஆடம்பரம்னு ஒரு நினைப்பு இருக்கு, எனக்கென்னவோ நாலு அயிட்டம் தாராளமா பெரிய பாத்திரத்துல இருக்கறதுதான் பார்க்க செழிப்பா தெரியுது, பன்னிரண்டு அயிட்டம் கிண்ணம் கிண்ணமா வெச்சா டேஸ்ட் பார்க்க கூப்பிட்ட மாதிரி இருக்கு.

கிரில் போடணும்னு ஆசை இருக்கறவங்களுக்கு: கரி அடுப்பு வாங்க விலை கம்மி, வாசனையும் கூட்டமும் தானா சேரும், ஆனா கரி மேல சாம்பல் படிஞ்சு சூடு சீராக அரை மணி நேரம் ஆகும், பசியோட நிக்கறவங்களுக்கு அது அரை நாள். கேஸ் கிரில் உடனே சூடாகும், விலை ஜாஸ்தி. எடுத்துக்கிட்டா இரவல் எடுங்க. மழை வந்தா கரி அடுப்பை மட்டும் உள்ள தூக்கிட்டு போயிடாதீங்க, மூடின ரூமுல கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே தெரியாது, உயிருக்கே ஆபத்து.

இன்னொண்ணு, சாப்பாட்டை வெளியில வெச்சா பொதுவா ரெண்டு மணி நேரம், வெளியில 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரு மணி நேரம், அதுக்கு மேல வெக்காதீங்க. முட்டை, கறி, பால், தயிர் சேர்ந்தது, சமைச்சு வெச்சது எல்லாத்துக்கும் இதே கணக்கு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி ஜோரா வளரும், வெயில் கால சாயங்காலம் அதுக்குள்ளதான் இருக்கு. அதனால மொத்தத்தையும் ஒரே தடவை பரப்பாம பாதி பாதியா எடுத்து வையுங்க, மேஜையும் எப்பவும் நிறைஞ்ச மாதிரி இருக்கும்.

ஐஸும் குடிக்கறதும்

காசு போடச் சொன்ன ரெண்டாவது இடம் இதுதான். வெயில் காலத்துல சாப்பாடு கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா யாருக்கும் ஞாபகம் இருக்காது, குடிக்கற தண்ணி வெதுவெதுன்னு இருந்தா அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. ஆளுக்கு அரை கிலோவுல இருந்து முக்கால் கிலோ ஐஸ் கணக்கு வையுங்க. மொதல் ஒரு மணி நேரத்துல ஆளுக்கு ரெண்டு கிளாஸ் போகும், அப்புறம் மணிக்கு ஒண்ணு, இந்தக் கணக்குல வாங்கினா பெரும்பாலும் பத்தும்.

பாட்டில் குளிர வைக்க தனி கூலர் பாக்ஸ் வாங்கணுமான்னா வேணாம். துணி துவைக்கற பெரிய டப்பு, நல்லா கழுவி, பாட்டிலை அடுக்கி, ஐஸ் கொட்டி, அதுக்கு மேல தண்ணி ஊத்துங்க, ஐஸ் பாதி தண்ணி பாதி. நிறைய பேர் வெறும் ஐஸை மட்டும் கொட்டி வெச்சுட்டு ஏன் இன்னும் குளிரலன்னு பாட்டிலைத் தொட்டுத் தொட்டு பார்ப்பாங்க, ஐஸ் கட்டிக்கு நடுவுல எல்லாம் காத்துதான் இருக்கு, பாட்டிலை அங்கங்கதான் தொடும். தண்ணி ஊத்தினா பாட்டில் முழுக்க சுத்தி குளிர் பிடிக்கும். அவசரம்னா ரெண்டு கை கல் உப்பு போட்டு கலக்கி விடுங்க, உப்புத் தண்ணி பூஜ்யத்துக்கும் கீழ போகும், கால் மணி நேரத்துல கை வைக்க முடியாது. அன்னிக்கு மாடியில இந்த டப்புதான் ஹீரோ, அதுல நாலு எலுமிச்சை, ரெண்டு கை புதினா சும்மா மிதக்க விட்டிருந்தேன், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்தாங்க, ஓரமா நான் பாத்துப் பாத்து வெச்ச பூவை ஒருத்தர் எடுக்கல.

கிளாஸ்ல போடற ஐஸ் வேற, டப்புல போடற ஐஸ் வேற, கலந்துடாதீங்க, டப்புல எல்லார் கையும் விழும். ஜாடியில போடறதுக்கு மொத நாளே வீட்டுல இருக்கற கிண்ணத்துல பெரிய கட்டியா உறைய வெச்சுடுங்க, பெரிய கட்டி மெதுவா கரையும், ஜூஸ் சீக்கிரம் தண்ணியா போகாது, உள்ள ரெண்டு எலுமிச்சை துண்டு உறைஞ்சிருந்தா அழகும் ஆச்சு.

தட்டு, கிளாஸ்

பேப்பர் தட்டு வாங்கினா சல்லிசா முடிஞ்சுடும்னு தோணும், ஆனா ஆளுக்கு ரெண்டு மூணு போகும், காத்துல பறக்கும், குழம்பு ஊத்தினா வளையும். பேப்பர்னு பேர்தான், உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூசினது நிறைய, எச்சில் பட்ட பிறகு மறுசுழற்சிக்கும் ஆகாது. பாத்திர வாடகைக் கடையில தட்டும் கிளாஸும் கேட்டுப் பாருங்க, சில இடத்துல கழுவாம திருப்பிக் கொடுத்தாலே போதும்னு சொல்லுவாங்க, அப்படின்னா யோசிக்கவே வேணாம். கழுவித்தான் தரணும்னா வீட்டுல இருக்கறதும் பக்கத்து வீட்டுல இருக்கறதும் சேர்த்துக்கலாம், வேற வேற டிசைன்ல இருந்தா ஒண்ணும் குத்தமில்ல, மேல சொன்ன பெட்ஷீட் கதைதான்.

கொசு

சிட்ரோனெல்லா மெழுகுவத்தி, சுருள், தெளிக்கறது எல்லாம் பார்த்தாச்சு. திறந்த வெளியில மெழுகுவத்தி பெருசா ஒண்ணும் பண்ணல. ஃபேன்தான் வேலை செய்யுது. கொசு பலமா பறக்காது, காத்து அடிச்சா தடுமாறும், நாம விடற மூச்சை வெச்சுத்தான் அது நம்மள கண்டுபிடிக்குது, ஃபேன் அதையும் கலைச்சு விட்டுடும். ரெண்டு ஃபேனை வெச்சு கால் பக்கமா அடிக்க விடுங்க, முகத்துக்கு அடிச்சா பேச முடியாது, துணி பறக்கும். மிஸ்ட் ஃபேன் வாடகைக்கு எடுக்கலாமான்னு கேப்பீங்க, வறண்ட வெயில்னா அருமை, காத்துல ஏற்கனவே ஈரம் இருக்கற ஊர்னா நனைஞ்ச கோழி மாதிரி உக்காந்திருக்கணும்.

பூ, பாட்டு, மழை

வெட்டின பூ வெயில்ல மூணு மணி நேரம் தாங்காது. அந்தக் காசுக்கு சின்னத் தொட்டிச் செடி நாலு வாங்கினா மேஜை மேல வெச்சுட்டு அப்புறம் வீட்டுக்கே ஆச்சு. பழத்தை ஒரு பெரிய பாத்திரத்துல குவிச்சு நடுவுல வெச்சா அதுவே அலங்காரம், கடைசியில வெட்டி சாப்பிட்டுடலாம். கலர் ரெண்டுக்கு மேல வேணாம், மூணாவது செடியோட பச்சை.

பாட்டுக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர் எடுக்கறதைவிட சின்னது ரெண்டு, ரெண்டு பக்கம் வெச்சு சத்தம் கம்மியா விடுங்க. வெளியில சுவர் இல்லாததால தூரம் போகப் போக சத்தம் டக்குனு குறையும், கடைசி ஆளுக்கு கேக்கணும்னு ஏத்தினா முன்னாடி இருக்கறவங்க காது போயிடும், பக்கத்து வீட்டுக்காரங்க வேற வந்துடுவாங்க. அவங்களையும் சேர்த்து கூப்பிட்டுட்டா அந்தப் பிரச்சனை பாதி முடிஞ்சுது.

மழைக்கு இன்னொரு நாள் வைக்கறதா, உள்ள மாத்தறதான்னா, 20 பேருக்கு உள்ள மாத்தற மாதிரி ஹாலை காலி பண்ணி வெச்சுக்கறதுதான் சுலபம். தேதி மாத்தினா சமைச்சது வீணாகும், பாதி பேர் வர மாட்டாங்க. ஓட வேண்டி வந்தா யார் லைட்டை அணைக்கறது, யார் சாப்பாட்டைத் தூக்கறதுன்னு மட்டும் ரெண்டு பேர்கிட்ட சொல்லி வெச்சுடுங்க.

அப்புறம் வாடகை கிளாஸ் எடுத்தீங்கன்னா ஆளுங்க கிளம்பறதுக்கு முன்னாடி எண்ணிடுங்க. நான் மறுநாள் எண்ணினேன், மூணு குறைஞ்சுது, டெபாசிட்ல பிடிச்சுட்டாங்க. ரெண்டு தொட்டிச் செடிக்குப் பின்னாடி கிடைச்சுது. மூணாவது, தண்ணி டேங்க் மேல நிக்குது, யார் அங்க ஏறினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கல.